1934-ஆம் ஆண்டுப் பட்டியலில் இல்லாத புழு

மீன் ஒட்டுண்ணிகளைப் பற்றிய நூல்களில் அந்தப் பத்தி அடிக்கடி கண்ணில் படும். காஸ்பியன் கடலில் இருந்து செவ்ரூகா என்ற ஸ்டர்ஜன் மீனைக் கொண்டுபோய் மத்திய ஆசியாவின் ஆரல் கடலில் விட்டார்கள். அதன் செவுளில் ஒட்டியிருந்த நிட்ஸியா ஸ்டூரியோனிஸ் என்ற தட்டைப்புழுவும் கூடவே போய்ச் சேர்ந்தது. ஆரலில் காலங்காலமாக வாழ்ந்த ஷிப் என்ற இன்னொரு ஸ்டர்ஜன் 1936-இல் கூட்டங்கூட்டமாகச் செத்தது. இவ்வளவுதான் செய்தி. அடுத்த வரியில் நூல் வேறொரு புழுவுக்குப் போய்விடும்.

நானும் இதை வகுப்பில் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பின்வரிசையில் இருந்து ஒரு மாணவி கேட்டாள்: "அதுக்கு முன்னாடி அந்தப் புழு அங்க இல்லேன்னு யார் சார் பாத்தாங்க?"

நியாயமான கேள்வி. மீன் சாக நூறு காரணம் உண்டு. செத்த மீனின் செவுளில் ஒரு புழு இருந்தால், அது கொன்ற புழுவாகவும் இருக்கலாம், பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கேயே குடியிருந்த அப்பாவிப் புழுவாகவும் இருக்கலாம். வெளியூரில் இருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால், வருவதற்கு முன் அங்கே இல்லை என்று யாராவது பார்த்து எழுதி வைத்திருக்க வேண்டும். அப்படி ஒரு காகிதம் உண்டா? இதைத்தான் தேடிப் போனேன்.

முதலில் குற்றம் சாட்டப்பட்டவரைப் பற்றி. நிட்ஸியா ஒரு மோனோஜீனியன், அதாவது ஒரே ஓம்புயிரியில் வாழ்நாளை முடித்துக்கொள்ளும் தட்டைப்புழு வகை. கல்லீரல் புழுவுக்கு நத்தை வேண்டும், நாடாப்புழுவுக்கு மாடோ பன்றியோ வேண்டும். இதற்கு இடைத்தரகர் யாரும் வேண்டாம். முட்டை நீரில் விழும், அதிலிருந்து நீந்தும் லார்வா வெளிவரும், அது இன்னொரு ஸ்டர்ஜனைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். வளர்ந்த புழு வெறுங்கண்ணுக்கே நன்றாகத் தெரியும். ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வரை நீளம். உடலின் பின்முனையில் இருக்கும் பெரிய ஒட்டுறுப்பால் மீனின் வாய்க்குள்ளும் செவுளிலும் பற்றிக்கொண்டு ரத்தம் குடிக்கும். நத்தை இல்லாத ஊரில் கல்லீரல் புழு பிழைக்காது. இந்தப் புழுவுக்கோ, ஸ்டர்ஜன் இருக்கும் உவர்நீர் ஒன்று கிடைத்தால் போதும். எளிய வாழ்க்கைச் சுழற்சிதான் இதன் பெரிய பலம்.

இதன் பிறப்புப் பதிவேடு பழையது. 1794-இல் கோபன்ஹேகனில் பீட்டர் கிறிஸ்டியன் அபில்கார்ட் இதை முதன்முதலில் விவரித்தார். டென்மார்க்கின் கால்நடை மருத்துவப் பள்ளியை 1773-இல் நிறுவியவர் அவர். அவர் இதை அட்டை என்றே நினைத்து, ஹிருடோ ஸ்டூரியோனிஸ் என்று பெயர் வைத்தார். உருவத்தைப் பார்த்தால் அவரைக் குறை சொல்லத் தோன்றாது. 1820-களில் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர், பாலூட்டிகளின் சினைமுட்டையைக் கண்டறிந்த அதே பேயர், இதற்குத் தனிப் பேரினம் வகுத்து, ஹாலே பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் லுட்விக் நிட்ஸ் என்பவரின் பெயரைச் சூட்டினார். அதே நிட்ஸின் பெயரை ஒரு டயாட்டம் பாசிக்கும் பின்னால் வைத்துவிட்டார்கள். விலங்குகளுக்கும் தாவரங்களுக்கும் பெயர்விதிகள் வேறு வேறு என்பதால் இரண்டுமே செல்லும். தேடுபவனுக்குத்தான் தொல்லை; நிட்ஸியா என்று அட்டவணையில் பார்த்தால் மூட்டை மூட்டையாகப் பாசி வந்து கொட்டும்.

இனி மேற்கோள் சங்கிலி. இன்றைய ஆங்கிலக் கட்டுரைகளைப் பின்தொடர்ந்தால், பல கட்டுரைகள் 1976-இல் பாவரும் ஹாஃப்மனும் சேர்ந்து எழுதிய ஒரு தொகுப்புரையில் போய் நிற்கின்றன. மீன்களை இடம் மாற்றும்போது கூடவே இடம் மாறிய புழுக்களைப் பற்றியது அது. ஒருவர் சோவியத் ஒன்றியத்தவர், மற்றவர் அமெரிக்கர். பனிப்போர்க் காலத்தில் இருவரும் சேர்ந்து எழுதியதால்தான் ரஷ்ய மொழியில் புதைந்து கிடந்த பல செய்திகள் வெளியே வந்தன. அதற்கும் முன்னால் ஒரு வாசல் உண்டு. டோகியேல், பெத்ருஷெவ்ஸ்கி, பொல்யான்ஸ்கி மூவரும் தொகுத்து 1958-இல் லெனின்கிராடில் வெளியான மீன் ஒட்டுண்ணியியல் நூலை கபாட்டா ஆங்கிலத்தில் பெயர்க்க, 1961-இல் எடின்பரோவில் அச்சானது. ஆங்கிலம் படிக்கும் உலகம் ஆரல் சம்பவத்தை அறிந்த முக்கிய வழிகளில் அது ஒன்று. நம் பல்கலைக்கழக நூலகங்களின் பழைய அலமாரிகளில் தேடினால் அதன் பிரதி அகப்படக்கூடும்.

இந்த நூல்கள் எல்லாம் பின்னால் வந்தவர்களின் சொல். சம்பவ இடத்தில் நின்றவர்களின் சொல் எங்கே? அது இரண்டு ரஷ்யக் கட்டுரைகளில் இருக்கிறது. ஒன்று, மீன்வளத் தொழிலுக்கான சோவியத் இதழில் 1937-இல் டோகியேலும் லுட்டாவும் எழுதியது; 1936-இல் ஆரல் கடலில் ஷிப் மீன்கள் செத்ததைப் பற்றிய குறிப்பு. சில பக்கங்களே. மற்றொன்று, லுட்டா தனியாக எழுதிய விரிவான ஆய்வு. லெனின்கிராட் இயற்கையியலாளர் கழகத்தின் வெளியீட்டில் 1941-இல் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் அந்த நகரம் முற்றுகைக்குள் போனது. அந்த நிலையில் வெளியான ஆய்விதழ் வெளிநாட்டு நூலகங்களை எட்டுவது எவ்வளவு அரிது என்று சொல்ல வேண்டியதில்லை. பிற்காலத்தவர்கள் பலர் அதை நேரில் பார்க்காமலேயே மேற்கோள் காட்டியிருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

வாலன்டின் டோகியேல் சாதாரண சாட்சி அல்லர். 1882-இல் பிறந்தவர். ஒட்டுண்ணியைத் தனியாகப் பார்க்காமல், அதன் ஓம்புயிரி எங்கே வாழ்கிறது, என்ன தின்கிறது, எந்த வயதில் எங்கே வலசை போகிறது என்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு பள்ளியையே உருவாக்கியவர். லெனின்கிராடில் மீன் நோய்களுக்கான ஆய்வுக்கூடத்தை நடத்தியவரும் அவரே. ஆரலில் மீன் சாகிறது என்ற செய்தி வந்தபோது யாரைக் கூப்பிட வேண்டும் என்பதில் யாருக்கும் குழப்பம் இருந்திருக்காது.

டோகியேலும் லுட்டாவும் கண்டது சுருக்கமாக இது: செத்ததும் சாகக் கிடந்ததும் ஷிப் மீன்கள். அவற்றின் செவுள்களில் நிட்ஸியா, ஒரே மீனில் நூற்றுக்கணக்கில். மாதிரிக்கு ஒன்றிரண்டு புழு இருந்தால் மீன் கவலைப்படாது. நூற்றுக்கணக்கில் இரண்டு சென்டிமீட்டர்ப் புழுக்கள் செவுளில் அமர்ந்து ரத்தம் குடித்தால் மூச்சும் போகும், ரத்தமும் போகும்.

சரி, கொலை ஆயுதம் கிடைத்தது. ஆனால் மாணவியின் கேள்வி இன்னும் அப்படியேதான் நிற்கிறது.

அதற்கான விடை 1937-லும் இல்லை, 1941-லும் இல்லை. அவற்றுக்கும் முன்னால் இருக்கிறது. 1934-இல் சோவியத் அறிவியல் கழகத்தின் விலங்கியல் நிறுவனம் வெளியிட்ட ஒட்டுண்ணியியல் தொகுப்பின் நான்காம் தொகுதியில், நூறு பக்கத்துக்கு மேல் நீளும் ஒரு கட்டுரை: ஆரல் கடல் மீன்களின் ஒட்டுண்ணிகள். எழுதியவர்கள் அதே டோகியேலும், அப்போது இருபதுகளில் இருந்த போரிஸ் பிஹோவ்ஸ்கியும். பிஹோவ்ஸ்கி யார் என்பது இங்கே முக்கியம். மோனோஜீனியன்கள் மற்றப் புழுக்களோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியவை அல்ல, தனி வகுப்பு என்று 1937-இல் வாதிட்டவர் அவர். 1957-இல் அவர் எழுதிய பெருநூல் இன்றும் இத்துறையில் கைவைப்பவர்கள் தாண்ட முடியாத வாசல். அதாவது, செவுளில் ஒட்டும் புழுக்களை யாராவது கவனிக்காமல் விட்டிருப்பார்கள் என்றால், அந்த யாராவது பிஹோவ்ஸ்கியாக இருக்க முடியாது. அதுவும் வெறுங்கண்ணுக்குத் தெரியும் புழுவை.

படிக்க அலுப்பூட்டும் கட்டுரை அது, உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மீன் பெயர், புழு பெயர், அடுத்த மீன், அடுத்த புழு. ஆனால் ஷிப் மீனுக்கு உரிய இடத்தில் பார்த்தால் நிட்ஸியா இல்லை. ஆரலின் மீன்களிடம் கடலுக்கே உரிய ஒட்டுண்ணிகள் மிகக் குறைவு, நன்னீருக்கு உரியவையே மிகுதி என்பது அந்த ஆய்வின் பொதுவான முடிவு. இதே இருவர் 1939-இல் காஸ்பியன் கடல் மீன்களின் ஒட்டுண்ணிகளைப் பற்றியும் எழுதினார்கள். இரண்டு கடல், ஒரே கண்கள், ஒரே முறை. துப்பறிபவனுக்கு இதைவிட நல்ல ஆவணம் அமையாது. 1936-இல் டோகியேல் செத்த மீனின் செவுளைத் திறந்தபோது, அங்கே என்ன இருக்கக் கூடாது என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

காஸ்பியனிலும் ஷிப் உண்டு, ஆரலிலும் ஷிப் உண்டு. அங்கே இருந்த புழு இங்கே எப்படி இல்லாமல் போனது? ஒரு காலத்தில், ஆரலில் கலக்கும் அமு தர்யா ஆற்றின் நீர் உஸ்பாய் என்ற வழியே காஸ்பியன் பக்கம் ஓடியது. மீன் ஆரலுக்கு வந்து சேர்ந்தது ஆற்றின் வழியாக என்றால், உவர்நீர்ப் புழு அந்த நன்னீர்ப் பயணத்தில் உதிர்ந்துபோயிருக்க வேண்டும். கடல் ஒட்டுண்ணிகள் ஆரலில் குறைவு என்ற பட்டியலோடு இது பொருந்துகிறது. ஆக, ஆரல் ஷிப் தன் பழைய எதிரியைத் தலைமுறை தலைமுறையாகப் பார்க்காமலே வாழ்ந்திருக்கிறது. காஸ்பியன் செவ்ரூகா அதே புழுவைச் சுமந்துகொண்டு அங்கே சாகாமல் காலம் தள்ளியதும், ஆரல் ஷிப் கண்டதும் வீழ்ந்ததும் இந்த ஒரு வேற்றுமையால் விளங்கும்.

இன்னொரு சந்தேகத்தையும் பார்த்துவிடலாம். நீரில் ஏதாவது நஞ்சு கலந்திருந்தால்? உப்பு கூடியிருந்தால்? அப்படியானால் கெண்டையும் பிரீமும் சேர்ந்து மிதந்திருக்க வேண்டும். சாவைப் பற்றிய பதிவுகள் பேசுவது ஷிப் ஒன்றைத்தான். அந்தக் கடலில் இயல்பாக வாழ்ந்த ஒரே ஸ்டர்ஜனும் அதுதான். மண்வெட்டிமூக்கு ஸ்டர்ஜன்கள் அமு தர்யா, சிர் தர்யா ஆறுகளிலேயே தங்கிவிடுபவை. ஸ்டர்ஜனை மட்டும் தேடும் ஒரு புழு, ஸ்டர்ஜன் மட்டும் சாகும் ஒரு கடல். இதற்கு மேல் வேறு சந்தேக நபரை நிறுத்த நான் தயாரில்லை.

சுமந்து வந்தவரின் பயண நாள்தான் கொஞ்சம் சிக்கல். பாடநூல்கள் "1930-களில்" என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடும். படிப்பவர்கள், ஏதோ ஒரு வண்டி நிறைய மீன் ஒருநாள் வந்து இறங்கியது, மறுநாள் சாவு தொடங்கியது என்று எண்ணிக்கொள்வார்கள். ஆரலில் விடப்பட்ட அயல் உயிரினங்களின் பட்டியலைப் பின்னாளில் தொகுத்த ரஷ்ய ஆய்வாளர்கள் செவ்ரூகாவுக்கு எதிரே போட்டிருப்பது 1927 முதல் 1934 வரை. ஒரு தடவை அல்ல, ஆண்டுக்கணக்கில் நடந்த முயற்சி. இத்தனைக்கும் செவ்ரூகா அங்கே நிலைபெறவே இல்லை. கொண்டுவந்த மீன் தங்கவில்லை, கேட்காமல் வந்த புழு தங்கிவிட்டது. போருக்குப் பிறகு 1948-இல் மறுபடியும் செவ்ரூகாவைக் கொண்டுவரத் தொடங்கி 1963 வரை நிறுத்தவில்லை என்பதையும் அதே பட்டியலில் பார்க்கிறோம். அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் இந்த ஆசை? ஆரல் அன்றைய சோவியத் அரசுக்குச் சோறு போட்ட கடல். 1921 பஞ்சத்தின்போது லெனின் ஆரல் மீனவர்களுக்குக் கடிதம் எழுதி மீன் கேட்டதும், அவர்கள் 14 ரயில் பெட்டிகளில் அனுப்பியதும் அந்தக் கரையில் இன்றும் பேசப்படும் கதை. அவ்வளவு பெரிய கடலில், 1960-க்கு முன் ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர் பரப்பு, மீன் வகைகளோ விரல்விட்டு எண்ணும் அளவு. திட்டம் போடுபவர்களின் கண்ணுக்கு அது பாதி காலியான களஞ்சியமாகத் தெரிந்திருக்கிறது. காஸ்பியனில் கேவியார் தரும் மீன் இருக்கிறது, இங்கே கொண்டுவந்து நிரப்பு. வளர்ந்த மீனைக் கொண்டுவந்தால் செவுளையும் சேர்த்துத்தான் கொண்டுவருகிறோம் என்பதை யாரும் யோசிக்கவில்லை. செவுள்புழு வளர்ந்த மீனில் இருப்பது; கருவுற்ற முட்டையாகக் கொண்டுவந்திருந்தால் அது வந்திருக்காது. சோவியத் ஒட்டுண்ணியியலாளர்கள் பின்னாளில் வலியுறுத்தியதும் இதைத்தான்.

சாவுக்குப் பிறகு நடந்ததும் ஏடுகளில் இருக்கிறது. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான டன் தந்துகொண்டிருந்த ஷிப் மீன்பிடி சரிந்தது. 1940-இல் அதைப் பிடிக்கவே தடை போட்டார்கள். ஓரளவு தேறி வருவதற்குள் பருத்தி வயல்களுக்காக இரண்டு ஆறுகளையும் திருப்பிவிட்டார்கள். 1960-களில் இருந்து கடல் சுருங்கத் தொடங்கியது, உப்பு ஏறியது, முட்டையிட ஆறேறும் வழி அடைபட்டது. ஆரலின் அழிவைப் பற்றி எழுதும் எவரும் இந்த இரண்டாவது அத்தியாயத்தில்தான் தொடங்குகிறார்கள். துருப்பிடித்த கப்பல்கள் மணலில் நிற்கும் படங்கள் இருக்கின்றனவே, அவற்றின் முன் ஒரு புழு எடுபடுமா? ஆனால் ஷிப் மீனுக்கு முதல் அடி விழுந்தது கடல் நிறைந்திருந்த காலத்தில். நீர் வற்றுவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே.

எதிர்பாராமல் கிடைத்த ஒரு சான்றையும் சொல்லியாக வேண்டும். அதே 1933, 1934 ஆண்டுகளில், செவ்ரூகா ஆரலுக்குள் வந்துகொண்டிருந்தபோதே, ஆரலின் ஷிப் மீன்களில் சிலவற்றைப் பிடித்துக் கிழக்கே பல்காஷ் ஏரிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். காரணம் அதேதான், ஏரியை நிரப்புவது. அந்த மீன்கள் அங்கே பிழைத்துப் பெருகின, பல்காஷில் கலக்கும் இலி ஆற்றில் ஏறி முட்டையிட்டன. கூட்டச் சாவு நேர்வதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பு எடுத்த மீன்கள் அவை. அவற்றில் ஒன்றிரண்டின் செவுளில் புழு ஏறியிருந்தாலும் பல்காஷில் அதற்கு வழியிருந்திருக்காது என்று நினைக்கிறேன்; அந்த ஏரியின் மேற்குப் பாதி நன்னீர், இலி ஆறும் நன்னீர். உஸ்பாயில் நடந்தது என்று நான் ஊகித்தது இங்கே இரண்டாம் முறை நடந்திருக்க வேண்டும். ஒரே வகையான செயல், வாளியில் மீனை ஏற்றி வேறு நீரில் விடுவது, ஓரிடத்தில் இந்த மீனைக் கொன்றது, இன்னோரிடத்தில் காப்பாற்றியது. இரண்டையும் செய்தவர்கள் யாரும் விளைவை முன்கூட்டி அறிந்திருக்கவில்லை.

இது ஆரலோடு முடிந்த கதையும் அல்ல. 1975-இல் நார்வேயில் கிரோடாக்டிலஸ் சலாரிஸ் என்ற இன்னொரு மோனோஜீனியன் தலைகாட்டியது. இது செவுளைவிடத் தோலையும் துடுப்பையும் விரும்புவது. பால்டிக் பக்கத்துச் சால்மன் இதைத் தாங்கிக்கொள்ளும். நார்வேயின் அட்லாண்டிக் சால்மன் குஞ்சுகள் தாங்கவில்லை. மீன்பண்ணைகளுக்காகக் கொண்டுவந்த மீன்களோடு வந்த புழு அது. ஆறுகளில் ரோட்டினோன் என்ற மீன்கொல்லி நஞ்சைக் கலந்து, இருக்கும் மீனையெல்லாம் கொன்று, புழுவை ஒழித்து, பிறகு சால்மனைத் திரும்ப விட வேண்டிய நிலை வந்தது. ஆரல் அறிக்கை வெளியாகி அப்போது நாற்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன.

மாணவியிடம் கடைசியில் சொன்னேன்: பார்த்தவர்கள் இருவர், பெயர் டோகியேல், பிஹோவ்ஸ்கி, அச்சான ஆண்டு 1934. அவர்கள் எந்தச் சாவையும் எதிர்பார்த்து அந்தப் பட்டியலைப் போடவில்லை. எந்த மீனில் எந்தப் புழு என்று எண்ணி வைத்தார்கள், அவ்வளவே. அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் 1936-இன் முடிவு வெறும் ஊகமாக நின்றிருக்கும், இன்றைய பாடநூல்களில் அந்தப் பத்தி இருந்திருக்காது. என் தீர்ப்பு இது: புழு வேற்றூரது, கொன்றதும் அதுதான், ஆனால் அதை வழக்கில் முதல் எதிரியாகச் சேர்க்க மாட்டேன். செவுளைத் திறந்து பார்க்காமல் ஏழாண்டுகள் மீன் ஏற்றியவர்கள் அதற்கு முன்னால் நிற்க வேண்டும்.

ஷிப் இன்று மிக அருகிவிட்ட இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இருக்கிறது. ஆரலில் அது அற்றுப்போய்விட்டது. அந்த ஆரல் கிளையின் வழித்தோன்றல்கள் இப்போது வாழ்வது பல்காஷ் ஏரியிலும், சீனாவில் பிறந்து கஜகஸ்தானுக்குள் ஓடிவரும் இலி ஆற்றிலும்தான்.